மாருதி சியாஸ்: டெல்டாவில் பழைய வண்டி வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 ஏப்ரலில் மாருதி சுசுகி தன் சியாஸ் காரை நிறுத்திவிட்டது. அதிலிருந்து என்னிடம் சியாஸ் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். நான் மெக்கானிக் இல்லை. கும்பகோணத்துக்காரன்; 2016 மாடல் டீசல் சியாஸ் ஒன்றை 2021இல் செகண்ட் ஹேண்டாக வாங்கி இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்களுக்காக மன்னார்குடி, மயிலாடுதுறை, காரைக்கால் என்று போய்ப் பத்துப் பதினைந்து சியாஸையாவது குனிந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

சியாஸ் எப்போது வந்தது? அதற்கு முன்னால் மாருதியில் இந்த அளவு வண்டி என்ன இருந்தது?

2014 அக்டோபரில் வந்தது. டெல்லி ஷோரூம் விலை 6.99 லட்சத்தில் தொடங்கியது. ஹரியானாவில் உள்ள மானேசர் ஆலையில் தயாரானது.

செடான், அதாவது தனியாக டிக்கி வைத்த கார், மாருதிக்குப் புதிதில்லை. 1990இல் மாருதி 1000 வந்தது. 1994இல் அதே உடம்பில் 1.3 லிட்டர் இன்ஜினோடு எஸ்டீம். டெல்டாவில் பழைய மிராசு வீடுகளின் கார் ஷெட்டில் அம்பாசிடருக்குப் பக்கத்தில் முதலில் வந்து நின்றது பெரும்பாலும் எஸ்டீம்தான். 1999இல் பலீனோ, இப்போது ஓடும் சின்ன பலீனோ இல்லை, அந்தப் பெயரில் முதலில் வந்த செடான். 2007இல் எஸ்எக்ஸ்4. அது உயரமான, முரட்டு வண்டி. ஆனால் மைலேஜ் பார்க்கிற ஊரில் அது அவ்வளவாக எடுபடவில்லை. எஸ்எக்ஸ்4 விட்ட இடத்தில்தான் சியாஸ் வந்தது.

வந்தபோது இரண்டு இன்ஜின். 1.4 லிட்டர் பெட்ரோல், 92 குதிரைத்திறன். 1.3 லிட்டர் டீசல், 90 குதிரைத்திறன். டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா விஸ்டா என்று ஊரில் பாதி வண்டிக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. 2015 செப்டம்பரில் டீசலில் எஸ்.எச்.வி.எஸ். என்ற ஹைபிரிட் உதவி வந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணையும், கிளட்சை மிதித்தால் எழும். சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 28.09 கிலோமீட்டர். 2017இல் விற்பனை மாருதியின் இன்னொரு கடை வரிசையான நெக்ஸா ஷோரூம்களுக்கு மாறியது. வகைப் பெயர்களும் சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா என்று மாறின. ஆக, "டெல்டா வண்டி இருக்கு" என்று புரோக்கர் சொன்னால் ஊரைச் சொல்கிறாரா வகையைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2018 ஆகஸ்டில் முகம் மாறி, பெட்ரோல் 1.5 லிட்டர் ஆனது, 105 குதிரைத்திறன். 2019இல் 1.5 லிட்டர் டீசலும் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்ததும் டீசல் மொத்தமாக நின்றுபோனது. அதற்கப்புறம் ஐந்து வருஷம் பெட்ரோல் மட்டும்.

நல்ல வண்டி என்றால் ஏன் நிறுத்தினார்கள்?

ஜனங்கள் உயரமான வண்டிக்குப் போய்விட்டார்கள். அதே பணத்தில் பிரெஸ்ஸா கிடைக்கும்போது செடானைத் தேடி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். டீசல் போனது இன்னொரு அடி. நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் சியாஸை வாங்கியதே அதற்காகத்தான். வெர்னா, சிட்டி எல்லாம் புதுத் தலைமுறைக்கு மாறின, வர்டஸ், ஸ்லாவியா புதிதாக வந்தன; சியாஸ் மட்டும் 2014இல் வந்த உடம்போடே கடைசிவரை நின்றது. வண்டியில் குறை கண்டு நிறுத்தியதாக நான் நினைக்கவில்லை. காலம் வேறு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

நின்றுபோன வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைக்குமா?

இன்ஜின் விஷயத்தில் எனக்குப் பயமே இல்லை. 1.5 பெட்ரோல் இன்ஜின் எர்டிகா, எக்ஸ்.எல்.6, பிரெஸ்ஸா, ஜிம்னி என்று பல வண்டிகளில் போட்டது. 1.3 டீசலை எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட் எல்லாம் கும்பகோணத்திலேயே கிடைக்கிறது.

சிரமம் சியாஸுக்கு மட்டுமே உரிய பாகங்களில்தான் வரும்: ஹெட்லைட், பின்விளக்கு, பம்பர், கதவு, டேஷ்போர்டு பிளாஸ்டிக். அதனால் விளக்கு உடைந்த வண்டியை "மாத்திக்கலாம்" என்று எடுக்காதீர்கள். முன்பின் விளக்குகள் முழுசாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். 1.5 டீசல் ஏறக்குறைய ஒரு வருஷம்தான் விற்பனையில் இருந்தது. ஆறு கியர், நல்ல இழுவை, ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால் உள்ளூர் மெக்கானிக்குகள் பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். தஞ்சாவூர், திருச்சி மாதிரி சர்வீஸ் சென்டர் உள்ள ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் எடுங்கள்.

பெட்ரோலா, டீசலா?

எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. வீடு, கடைத்தெரு, கோயில், மாதம் ஒருமுறை திருச்சி என்றால் 1.5 பெட்ரோல். வாரம் ஒருமுறை சென்னை போய்வருகிறவர் என்றால் 1.3 டீசல். என் வண்டி நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 22 வரை கொடுக்கிறது, ஊருக்குள் 17, 18. டேங்க் 43 லிட்டர். கும்பகோணத்திலிருந்து சென்னை போய்த் திரும்பி வந்தும் முள் சிவப்புக்கு வராது.

டீசலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2000 சுற்றுக்குக் கீழே அது தூங்கும். நம் ஊர்ச் சந்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்து, வைக்கோல் ஏற்றிய டிராக்டரை முந்த நினைத்தால் உடனே எழாது. ஒரு கியர் குறைத்துத்தான் ஏற வேண்டும். பழகிவிட்டால் தொந்தரவில்லை.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

எடுக்கலாம். பழைய பாணி நாலு கியர் ஆட்டோமேட்டிக். வேகமில்லை, ஆனால் உழைக்கும்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். பின் சீட் எப்படி?

சியாஸ் வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,650 மில்லிமீட்டர். அந்த இடம் முழுக்கப் பின் சீட்டுக்காரர்களின் காலுக்குப் போகிறது. ஆறடி ஆள் முன்னால் உட்கார்ந்து சீட்டைப் பின்னுக்குத் தள்ளினாலும், பின்னால் அம்மா காலை நீட்டி உட்காரலாம்.

போன தை மாதம் அம்மா, பெரியம்மா, மாமா மூவரையும் பின்னால் உட்காரவைத்து நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும் ஒரே நாளில் போனோம். விடிகாலையில் திங்களூர், இரவு திருநள்ளாறு. நடுவில் சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு முழங்காலில் தேய்மானம். ஒவ்வொரு கோயில் வாசலிலும் நான் கவனித்தேன்: ஏறும்போது தலையைக் குனிய வேண்டியிருக்கிறது, அது எந்தச் செடானிலும் உண்டு. ஆனால் இறங்கும்போது கதவு அகலமாகத் திறப்பதால் இரண்டு காலையும் வெளியே வைத்து, பக்கத்துத் தூணைப் பிடித்து எழுந்துவிட்டார். ஏழாவது கோயிலில்தான் "வண்டியிலேயே இருக்கேன்டா" என்றார். அதுவும் வெயிலுக்காக, காலுக்காக இல்லை. முழங்காலை மடக்கவே முடியாத நிலை என்றால் மட்டும் உயரமான வண்டியைப் பாருங்கள்.

டிக்கி 510 லிட்டர். தங்கை கல்யாணத்துக்கு நாச்சியார்கோயிலில் வாங்கிய குத்துவிளக்கு ஜோடியைப் பழைய புடவையில் சுற்றிப் படுக்கவைத்து, மேலே சீர்த்தட்டு, பட்சணக் கூடை எல்லாம் அடுக்கி மூடினோம்.

நம் ஊர் ரோட்டுக்கு அடி தட்டாதா?

தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு பேர் போனால் எங்கும் தட்டாது. ஐந்து பேரும் நிறைந்த டிக்கியுமாகப் போனால், கிராமத்தில் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடைகளில் வயிறு உரசும். குறுக்காக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

ஆற்றங்கரைச் சாலைகளில் பழைய வண்டிகளுக்குத் தேய்வது முன்பக்க சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடும் புஷ்ஷும். ஓட்டிப் பார்க்கும்போது கண்ணாடியை இறக்கி, பாட்டை அணைத்துவிட்டு, மேடுபள்ளமான சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். முன்பக்கம் "டொக் டொக்" என்றால் அதுதான். பெரிய செலவில்லை, பேரத்துக்கு உதவும்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு விஷயம். சாலையில் பரப்பிய வைக்கோல்மேல் இந்த மாதிரித் தாழ்ந்த வண்டியை ஓட்டினால் வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். பரப்பியிருந்தால் சுற்றிப் போங்கள். வழியில்லாமல் ஏற்றிவிட்டால் அடுத்த நிழலில் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி வரை வாங்கலாம்?

எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். நான் கடைசியில் பார்ப்பது இதை. மீட்டரைத் திருப்பிக் குறைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அந்த வண்டி இரவில் எங்கே நின்றது என்பதை யாராலும் திருப்ப முடியாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். மாப்பிள்ளைக்காகத் திருவாரூர்ப் பக்கம் ஒரு சியாஸ் பார்க்கப் போனோம். 2017 மாடல், 41,000 கிலோமீட்டர், பெயிண்ட் கண்ணாடி மாதிரி. நான் விலை பேசத் தொடங்கிவிட்டேன். அண்ணன் என் தோளைத் தட்டி, "தம்பி, மீட்டரை அப்புறம் பாரு. முதல்ல டேஷ்போர்டைத் தொற" என்றார். பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்கும் பெட்டியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு ஏ.சி. ஃபில்டரை உருவினார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய ஃபில்டரின் ஒவ்வொரு மடிப்பிலும் நெல் உமி. ஒரு மூலையில் பஞ்சும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கூடு, எள்ளைக் கொட்டினது போல எலிப் புழுக்கை. முகர்ந்து பார்க்கச் சொன்னார். வேண்டாம் என்றேன், அதற்குள் நாற்றம் வந்துவிட்டது.

அப்புறம் பானட்டைத் திறந்து வயர்களைத் தடவிக்கொண்டே போனார். மூன்று இடத்தில் புது இன்சுலேஷன் டேப். "இது வயக்காட்டு ஓரம் களத்துல நின்ன வண்டி. எலி கடிச்ச வயரை ஒட்டி வச்சிருக்காங்க. ஒட்டினது மூணு, ஒட்டாதது எத்தனைன்னு யாருக்குத் தெரியும்?" திரும்பி வந்துவிட்டோம்.

குறுவை அறுத்ததும் எலி வயலை விட்டு வீட்டுக்குத்தான் வரும். சம்பா அறுவடைக்கு அப்புறமும் அதே கதை. அப்போது பத்து நாள் அசையாமல் நிற்கிற வண்டி அதற்குக் கட்டிவைத்த வீடு. அதனால்தான் சொல்கிறேன்: தினமும் ஓடி 1,20,000 கிலோமீட்டர் ஆன, ஷெட்டில் நின்ற, சர்வீஸ் ரசீது உள்ள வண்டி, வெளிநாட்டில் இருப்பவர் வாங்கி வருஷத்துக்கு இரண்டு மாதம் ஓட்டிய 30,000 கிலோமீட்டர் வண்டியைவிட மேல். என் வண்டியே வாங்கும்போது 96,000 ஓடியிருந்தது.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படிப்பட்டவற்றைக் கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்பது உண்டு. சென்னைப் பதிவெண் வண்டி சந்தை விலைக்குக் கீழே வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துத் துவைப்பதில்லை. மூழ்கியிருந்தால் அங்கே சேற்றுக் கோடு இருக்கும். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அடியில் உள்ள ரெயிலில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, பள்ளத்தில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். காவிரி வண்டலை நமக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. அங்கே இருப்பது வேறு நிறமாக, வேறு வாசனையாக இருக்கும். இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேளுங்கள்.

2018 ஆகஸ்டுக்கு அப்புறம் வந்த பெட்ரோல் ஹைபிரிட் வண்டிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. மூழ்கிய வண்டியில் முதலில் போவது அதுதான், விலையும் அதிகம்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் கூரையைத் தடவிப் பாருங்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வீசியபோது தென்னை விழுந்து நசுங்கிய வண்டிகள் கணக்கில்லை. டிங்கர் வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பட்டி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது. வேளாங்கண்ணி, நாகூர் மாதிரிக் கடலோரத்தில் நின்ற வண்டிக்கு ஜாக்கி போட்டு அடியில் உப்புத் துரு பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏதோ ரீகால் என்று சொல்கிறார்களே?

ஆமாம். 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரான பெட்ரோல் சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 வண்டிகள் 1,81,754ஐ மோட்டார் ஜெனரேட்டரைச் சரிபார்க்க 2021 செப்டம்பரில் நிறுவனம் திரும்ப அழைத்தது. மாற்றும்வரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்காத இடத்தை நம்மூரில் எங்கே போய்த் தேடுவது? அந்தக் காலத்து வண்டி என்றால் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். இலவசமாகச் செய்துதர வேண்டிய வேலை அது.

காரைக்கால் பதிவு வண்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பி.ஒய். 02 பதிவெண்ணைச் சொல்கிறீர்கள். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் புதிதாக வாங்கும்போதே அங்கே பதிந்தவர்கள் உண்டு. நீங்கள் காரைக்காலில் குடியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். மயிலாடுதுறையிலோ நாகையிலோ இருந்தால், வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும்போது தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி (படிவம் 28), இங்கே வண்டியின் வயதைப் பொறுத்து வரி கட்ட வேண்டும். அந்த வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். "பரவாயில்லை சார், எல்லாரும் அப்படியே ஓட்டறாங்க" என்று விற்கிறவர் சொல்வார். செக்போஸ்ட்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இ20 பெட்ரோல் பழைய சியாஸைக் கெடுக்குமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் கிடைக்கிறது. கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுப்பது. ஒருவகையில் நம் வயல் சரக்கு. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான வண்டிகள் இதற்கேற்ற குழாய், கேஸ்கெட்டோடு வருகின்றன. அதற்கு முந்தையதில் மைலேஜ் கொஞ்சம் குறையும். ரப்பர்க் குழாய்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள். டீசல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பாதுகாப்பு?

இரண்டு ஏர்பேக். 2023 பிப்ரவரிக்கு அப்புறம் வந்த எல்லா வகைகளிலும் வண்டி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் இ.எஸ்.பி. உண்டு. ஆறு ஏர்பேக் வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு வண்டியைப் பார்ப்பதே நியாயம்; இதில் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை.

விலையை எப்படிப் பேசுவது?

போவதற்கு முன்பே மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ், அபராதம் எல்லாம் பார்த்துவிடுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் கையில் வராமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி. பதிவு பதினைந்து வருஷம். 2014 வண்டிக்கு 2029இல் முடியும், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு நெருங்கும் வண்டியில் அதைச் சொல்லியே குறைக்கலாம்.

டயர், பேட்டரி, கிளட்ச் மூன்றையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். எஸ்.எச்.வி.எஸ். டீசலின் பேட்டரி சாதாரணதைவிடப் பெரியது, விலையும் அப்படியே. அந்த மூன்றையும் மாற்ற ஆகும் தொகையைத் தாளில் எழுதி விற்பவர் முன்னால் வையுங்கள். "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்பதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

வாங்கி வந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள், பழைய ரசீது என்ன சொன்னாலும் சரி. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

அப்புறம் எலி. பானட்டுக்குள் புகையிலைத் தண்டைத் துணியில் கட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கடையில் ஸ்பிரேயும் விற்கிறது. இரண்டுமே சில நாள்தான் தாங்கும். நான் செய்வது ஒன்றுதான்: குறுவை, சம்பா இரண்டு அறுவடையின்போதும் இரவில் பானட்டைத் தூக்கியே வைத்துவிடுவேன், உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. வெளிச்சமும் காற்றும் இருக்கும் இடத்தில் அது கூடு கட்டாது. காலையில் அம்மா கோலம் போட்டு முடித்ததும் விளக்கை அணைத்து பானட்டை மூடிவிடுவார்.

நாலு வருஷத்துக்கு மேலாகிறது, இதுவரை ஒரு வயர்கூடப் போகவில்லை.